மீதி இருபத்தேழு எங்கே?

முந்நூறு ரூபாய்!

நாட்டின் நலிந்தோர்க்கெல்லாம் நாமே நாதி என்று நாவாரப் பேசும் டில்லி சர்க்கார், கையிழந்த, காலிழந்த, கண்ணிழந்த ஏழைக்குத் திங்கள்தோறும் அளந்து வைத்த தொகை அது. முப்பது நாளுக்கு முந்நூறு. நாளொன்றுக்குப் பத்து ரூபாய். தேநீர்க் கடைக்குப் போனால் ஒரு குவளைத் தேநீருக்கே சில்லறை குறையும். அந்தப் பத்து ரூபாயில் உண்ண வேண்டும், உடுத்த வேண்டும், மருந்து வாங்க வேண்டும், வாடகை கொடுக்க வேண்டும். அதன் பிறகு மிச்சமிருந்தால் பாரதத் தாயை வாழ்த்தவும் வேண்டும்!

கோபத்தில் கூட்டிச் சொல்லவில்லை தோழர்களே, கணக்கைச் சொல்கிறோம். இந்தக் கணக்கை நாமே சென்ற கிழமைதான் ஒழுங்காகக் கற்றோம் என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

நம் படிப்பகத்துக்கு ஒரு தோழர் வந்தார். இருபது ஆண்டு விசைத்தறியில் உழைத்தவர். தறியின் இரைச்சல் நாளுக்கு நாள் அவர் செவியைத் தின்றது. ஓர் இரவு வேலை முடிந்து வீடு திரும்புகையில் லாரி ஒன்று காலைக் கொண்டுபோயிற்று. கக்கத்தில் கோலோடு வந்தவர், பெஞ்சில் அமர்ந்து, மடியிலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"தம்பி! காலுக்கு அறுபது விழுக்காடு என்றார்கள். காதுக்கு நாற்பது என்றார்கள். அறுபதும் நாற்பதும் நூறுதானே? அட்டையில் எழுபத்து மூன்று என்று போட்டிருக்கிறார்கள். எண்பது இருந்தால்தான் டில்லிப் பணமாம். மீதி இருபத்தேழை எவன் தின்றான்?"

நாம் விழித்தோம். மேடையேறினால் மூன்று மணி நேரம் முழங்கத் தெரிந்த நமக்கு, ஒரு தொழிலாளியின் மூன்று வரிக் கேள்விக்கு விடை தெரியவில்லை. "விசாரித்துச் சொல்கிறோம் அண்ணே" என்றோம். விசாரித்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம். அவருக்கு மட்டுமல்ல, உங்கள் தெருவில் இதே அட்டையோடு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இது வேண்டும்.

முதலில் அந்த இருபத்தேழு. ஒருவருக்கு இரண்டு குறைபாடுகள் இருந்தால் அவற்றை அப்படியே கூட்டுவதில்லை. பெரிய எண்ணை முழுதாக எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பெரிய எண்ணைத் தொண்ணூறிலிருந்து கழிப்பார்கள். கழித்து வந்ததைச் சிறிய எண்ணால் பெருக்கித் தொண்ணூறால் வகுப்பார்கள். வருவதைப் பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். நம் தோழருக்குப் பெரிய எண் 60. தொண்ணூறில் அறுபது போனால் 30. முப்பதை நாற்பதால் பெருக்கினால் 1,200. அதைத் தொண்ணூறால் வகுத்தால் 13.3. அறுபதோடு சேர்த்தால் 73.3. இதுதான் அட்டையில் ஏறியது.

இது திருட்டா? அல்ல. அவசரப்பட்டு மருத்துவரைத் திட்ட வேண்டாம். முதல் இழப்புக்குப் பிறகு உடலில் எஞ்சியிருக்கும் வலுவில்தான் இரண்டாம் இழப்பைக் கணக்கிட வேண்டும், இல்லையேல் மூன்று குறைபாடு உள்ளவருக்கு நூற்று ஐம்பது விழுக்காடு என்று வந்துவிடும் என்பது அந்த முறையின் நியாயம். உடலை அளக்க அது ஒரு முறை. இருக்கட்டும். ஆனால் உடலை அளக்கச் செய்த கோலை எடுத்துக் கொண்டுபோய்ச் சோற்றுப் பானைக்குப் பூட்டாகப் போட்டது யார்? அங்கேதான் அநீதி தொடங்குகிறது!

டில்லியின் திட்டத்துக்கு இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டம் என்று பெயர். 2009-இல் வந்தது. அந்தக் கதவுக்கு மூன்று பூட்டு. முதல் பூட்டு: வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பமாக இருக்க வேண்டும். இரண்டாம் பூட்டு: வயது பதினெட்டு முதல் எழுபத்தொன்பது வரை. மூன்றாம் பூட்டு: குறைபாடு 80 விழுக்காடு இருக்க வேண்டும். எழுபத்தொன்பது என்றால் ஒரு காசு கிடையாது. எண்பது என்றால் முந்நூறு. எண்பதுக்கும் முந்நூறு, நூறுக்கும் முந்நூறு!

இதே நாடாளுமன்றம்தான் 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை இயற்றியது. இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்றது. 40 விழுக்காடு இருந்தாலே சட்டத்தின் சலுகைகளுக்குரிய அளவு என்று வரையறுத்தது. வேலை ஒதுக்கீட்டுக்கு 40 போதும்; கல்விக்கு 40 போதும்; கஞ்சிக்கு மட்டும் 80 வேண்டுமாம்! சட்டம் ஒரு வாயால் பேசுகிறது. கருவூலம் வேறு வாயால் பேசுகிறது.

மூன்று பூட்டையும் திறந்துகொண்டு உள்ளே போனால் நான்காவதாக ஒரு பூட்டு இருக்கிறது. அது எண்ணிக்கை. 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கு, இந்தியாவில் குறைபாடு உடையோர் 2 கோடியே 68 லட்சம் என்றது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம். இவர்கள் எல்லாரும் ஏழைகளல்லர், எல்லாரும் கடுங் குறைபாடு உடையோருமல்லர், அதை மறுக்கவில்லை. ஆனால் இந்தத் திட்டத்தில் நாடு முழுமைக்கும் டில்லி வைத்த உச்ச எண்ணிக்கை எவ்வளவு தெரியுமா? எட்டரை லட்சத்துக்கும் கீழே! பந்தியில் இலை போட்டது எட்டரை லட்சத்துக்கு. வாசலில் நிற்போர் கோடிக் கணக்கில். இதற்குப் பெயர் தேசியத் திட்டம்!

தொழிலாளத் தோழர்களே! உங்களுக்குத் தெரிந்த இன்னொரு கணக்கை இதனோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ.யில் பதிவான ஆலைத் தொழிலாளி வேலையில் அடிபட்டு நிரந்தரக் குறைபாடு அடைந்தால் என்ன தருகிறார்கள்? கூலியில் 90 விழுக்காட்டை அடிப்படையாக வைத்து, சம்பாதிக்கும் திறனில் எத்தனை விழுக்காடு போயிற்று என்று மருத்துவக் குழு சொல்கிறதோ, அத்தனை விழுக்காடு தருகிறார்கள். நாள் கூலி 500 என்று வையுங்கள். அதில் 90 விழுக்காடு 450. திறனிழப்பு 40 விழுக்காடு என்றால் நாளுக்கு 180. திங்களுக்கு 5,400.

அங்கே விழுக்காடு ஓர் அளவுகோல். இழப்பு ஏற ஏறப் பணம் ஏறும். இழப்பு சிறிதானாலும் சிறிதளவு உண்டு. இங்கே விழுக்காடு ஒரு கதவு. உள்ளே இருந்தால் முந்நூறு, வெளியே இருந்தால் சுழியம். ஈ.எஸ்.ஐ. உங்களுக்குக் கிடைத்தது யாருடைய தயவாலும் அல்ல. உங்கள் கூலியிலிருந்து நீங்கள் கட்டியதால், முதலாளியும் கட்டியாக வேண்டும் என்று சட்டம் இருந்ததால். பதிவேட்டில் பெயரில்லாத தறிப்பட்டறையில் உழைத்த நம் தோழர் கட்டாதவரா? இருபது ஆண்டு அவர் வாங்கிய தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கட்டியிருக்கிறார்! வரி வாங்கும்போது அவரிடம் யாரும் எண்பது விழுக்காடு கேட்கவில்லையே!

இனி மாநிலத்தின் பங்கு. தமிழ்நாட்டில் முதியோர்க்கு ஓய்வூதியம் 1962-இல் வந்தது. குறைபாடு உடைய ஆதரவற்றோர்க்கு 1974-இல் வந்தது. டில்லிக்கு இந்த எண்ணம் உதிக்க அதற்குப் பிறகு முப்பத்தைந்து ஆண்டு பிடித்தது. 'ஊனமுற்றோர்' என்று அழைத்து உள்ளத்தில் ஊசி குத்தாதீர், 'மாற்றுத்திறனாளி' என்று மதிப்போடு அழையுங்கள் என்று 2010-இல் கலைஞர் ஆட்சி பெயரையே மாற்றியதும் இந்த மண்ணில்தான்.

மாநில வருவாய்த் துறை வழங்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 சனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்ந்தது. இந்த 1,500 எப்படி ஆகிறது என்று பாருங்கள். எண்பது விழுக்காட்டைத் தாண்டி டில்லிப் பட்டியலில் இருப்பவருக்கு டில்லியின் 300; அதன்மேல் மாநிலம் 1,200. ஐந்து பங்கில் ஒரு பங்கு அவர்களுடையது, நான்கு பங்கு நம்முடையது. திட்டத்தின் பெயர்ப் பலகை மட்டும் அவர்களுடையது! எண்பதுக்குக் கீழே, நாற்பதுக்கு மேலே இருப்பவருக்கோ டில்லி ஒரு சல்லிக்காசு தருவதில்லை. 1,500-ம் மாநிலத்தின் பெட்டியிலிருந்தே வர வேண்டும்.

இதைத்தான் நம் தோழருக்கு முதலில் சொன்னோம். "அண்ணே, டில்லிக் கதவு மூடியிருக்கலாம், தமிழ்நாட்டுக் கதவு நாற்பதிலேயே திறக்கிறது. உங்களுக்கு எழுபத்து மூன்று. மனுவைப் போடுங்கள்" என்றோம். அவர் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. எண்பது இல்லையென்றால் எங்கும் எதுவும் இல்லை என்று எவரோ சொன்னதை நம்பி ஓராண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். ஓராண்டு! பதினெட்டாயிரம் ரூபாய்! அறியாமை எவ்வளவு விலை உயர்ந்த பொருள் என்று பார்த்தீர்களா?

ஆனால் நம் வீட்டுக் குறையையும் மறைக்க மாட்டோம். அயலான் முதுகை மட்டும் பார்ப்பவன் பகுத்தறிவாளன் அல்லன். மாநிலத்தில் மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தரும் பராமரிப்பு உதவித் தொகை என்று வேறொன்று இருக்கிறது. அது 1,500-லிருந்து 2,000 ஆக உயர்த்தப்பட்டது. அறிவுசார் குறைபாடு, தசைச் சிதைவு, தொழுநோயால் பாதிப்பு ஆகியவற்றுக்கு 40 விழுக்காடு போதும். கடுங் குறைபாடு என்ற வகையில் வருவோர்க்கு 75 வேண்டும். நம் தோழருக்கு எழுபத்து மூன்று. இரண்டே இரண்டு விழுக்காடு! அங்கும் ஒரு கதவு அவர் முகத்தில் சாத்தப்படுகிறது. இரண்டு உதவியையும் ஒருவரே வாங்கவும் முடியாது, ஏதேனும் ஒன்றுதான். டில்லியைப் பார்த்துக் 'கதவை அளவுகோலாக்கு' என்று கேட்கும் உரிமை நமக்கு வேண்டுமானால், அதை நம் வீட்டிலும் செய்தாக வேண்டும்.

2024 சூலையில் ஒரு காட்சி கண்டோம். ஆந்திர அரசு மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை 3,000-லிருந்து 6,000 ஆக்கியது. எழ முடியாது படுக்கையில் கிடப்போர்க்கு 15,000 என்றது. ஆரம்பாக்கத்தில் இருப்பவருக்கு 1,500. எல்லையைத் தாண்டித் தடாவில் இருப்பவருக்கு 6,000. அதே கடற்காற்று, அதே கால் ஊனம், அதே இந்தியக் குடிமகன். மாற்றுத்திறனாளிச் சங்கங்கள் "ஆந்திரம் தருவதை எங்களுக்கும் தா" என்று கேட்டுப் போராடியபோது அவர்களைக் கண்டு நாம் முகம் சுளிக்கக் கூடாது. அவர்கள் கேட்டது நியாயம். இரண்டு மாநிலத்துக்கும் டில்லி தந்தது மட்டும் ஒரே அளவு: அதே முந்நூறு!

சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. மாற்றுத்திறனாளிக்கான உதவி, அதே போன்ற திட்டத்தில் மற்றவர்க்குத் தரும் தொகையைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு. ஏன்? குறைபாடு உடையவருக்கு வாழ்க்கைச் செலவு அதிகம். நடப்பவன் நடந்து போவான்; நடக்க முடியாதவன் ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டும். தமிழ்நாடு 2023-இல் முதியோர் ஓய்வூதியத்தை 1,200 ஆக்கியது, அதில் கால் பங்கு 300, கூட்டினால் 1,500. சட்டத்தின் கோட்டை நாம் தொட்டுக்கொண்டு நிற்கிறோம், தாண்டவில்லை. முதியோர்க்கு ஒரு ரூபாய் ஏற்றினால் மாற்றுத்திறனாளிக்கும் ஏற்றியாக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

டில்லியின் கணக்கில் எண்பது வயதானதும் ஒரு விந்தை நடக்கிறது. அந்த வயதில் ஏழை முதியவருக்கு 500 ரூபாய். குறைபாடு உடையவரும் எண்பதை எட்டினால் முதியோர் திட்டத்துக்கு மாற்றப்பட்டு அதே 500. அந்த 25 விழுக்காடு எங்கே போயிற்று? சட்டப்படி 625 அல்லவா வர வேண்டும்? எண்பது வயதில் கண் தெரியாதவருக்குக் கண் திறந்துவிடுமா? கால் முளைத்துவிடுமா?

இன்னும் கொடுமை, விலைவாசி. 2009-இல் 200 ரூபாய் என்று தொடங்கியதை 2012-இல் 300 ஆக்கினார்கள். அதன்பின் ஆட்சி மாறியது, அமைச்சர்கள் மாறினார்கள், பிரதமர் மாறினார், நாடாளுமன்றக் கட்டடமே மாறியது, முந்நூறு மாறவில்லை. 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் வந்தபோதும் அதே முந்நூறு. 2012-இன் விலையை 100 என்று வைத்துக் கணக்கிடும் நுகர்வோர் விலைக் குறியீடு 2025-இல் 190-ஐத் தாண்டிவிட்டது. அப்படியானால் அந்த முந்நூறின் மதிப்பு, 2012-இன் கணக்கில், ஏறத்தாழ 155 ரூபாய். 2009-இல் தொடங்கிய 200-க்கும் கீழே! ஒரு காசும் குறைக்காமலே பாதியைப் பறித்துக்கொண்டார்கள். இந்தக் கொள்ளைக்கு ஆணை வேண்டாம், அறிவிப்பு வேண்டாம். சும்மா இருந்தாலே போதும்.

விலையேற்றத்துக்கு ஏற்பத் தொகையை ஏற்றும் வழி டில்லிக்குத் தெரியாதா? தெரியும் தோழர்களே, நன்றாகத் தெரியும். நடுவண் அரசு ஊழியர்க்கு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி கணக்கிடுகிறார்கள். அது நியாயமே. நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை விலைக் குறியீட்டோடு கட்டிவிட 2018-இல் சட்டம் செய்துகொண்டார்கள். அதன்படி ஒரு லட்சம் ரூபாய்ச் சம்பளம் 2023 ஏப்ரல் முதல் கணக்கிட்டு 1 லட்சத்து 24 ஆயிரம் ஆயிற்று. லட்சத்துக்கு விலைவாசி உறைக்கிறது, முந்நூறுக்கு உறைக்கவில்லை! மாளிகையில் இருப்பவனுக்குத்தான் பருப்பு விலை ஏறுமா? குடிசையில் இருப்பவனுக்கு ஏறாதா?

அமெரிக்க நாட்டைப் பாருங்கள். அது பொதுவுடைமை நாடல்ல, முதலாளித்துவத்தின் தலைநகரம். அங்கே ஏழை முதியோர்க்கும் குறைபாடு உடையோர்க்கும் 1974-இல் எஸ்.எஸ்.ஐ. என்ற திட்டம் தொடங்கியது. தனி ஒருவருக்குத் திங்களுக்கு 140 டாலர். விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் தானாக ஏறும்படி சட்டம் கட்டினார்கள். 2025-இல் 967 டாலர்; 2026-இல் 994. அடிப்படைத் தொகை முழுவதும் நடுவண் அரசின் பொறுப்பு. அதன்மேல் விருப்பமுள்ள மாநிலங்கள் சேர்த்துத் தரும். ஒருவர் சிறிது சம்பாதித்தால் உடனே கதவைச் சாத்துவதில்லை. வேறு வருமானம் இல்லாதவராயின், கூலியில் முதல் 85 டாலரைக் கணக்கில் சேர்ப்பதில்லை; மீதியில் பாதியைத்தான் உதவியிலிருந்து கழிப்பார்கள். அங்கும் குறை உண்டு. தனியாள் 2,000 டாலருக்கு மேல் சேமித்து வைக்கக் கூடாது என்ற வரம்பை 1989-க்குப் பிறகு ஏற்றவேயில்லை. ஆயினும் அடிப்படை அரசின் கடமை, ஏற்றம் விலைவாசியின் கடமை என்ற இரண்டையும் ஏற்றுக்கொண்டார்கள். இங்கே அடிப்படையை மாநிலம் சுமக்கிறது. டில்லி தூவுவது உப்பு!

"பணத்துக்கு எங்கே போவது?" என்பார்கள். கணக்குப் போடுவோம். எட்டரை லட்சம் பேருக்குள், ஆளுக்கு ஆண்டுக்கு 3,600 ரூபாய். மொத்தம் சுமார் 300 கோடி. 2025–26-இல் டில்லியின் மொத்த வரவு செலவுத் திட்டம் 50 லட்சத்து 65 ஆயிரம் கோடிக்கு மேல். பத்தாயிரம் ரூபாய் செலவழிப்பவன் அறுபது காசைக் குருட்டுப் பிச்சைக்காரன் தட்டில் போட்டுவிட்டு, 'நான் தர்மவான்' என்று தமுக்கடிப்பதற்கு இது சமம். தொகையை இரட்டித்தாலும் இன்னொரு அறுபது காசு. இல்லாமையா இது? இரங்காமை!

அதனால்தான் கேட்கிறோம். எண்பது விழுக்காடு என்ற கதவை எடு. நாற்பதிலிருந்து தொடங்கி, இழப்புக்கேற்ப ஏறும் அளவுகோல் கொண்டு வா. தொகையை விலைக் குறியீட்டோடு கட்டு. எண்ணிக்கைப் பூட்டை உடை. மாநிலமும் தன் எழுபத்தைந்து விழுக்காட்டுக் கதவை எடுத்துவிட்டு, அண்டை மாநிலத்தைப் பார்த்து நாணாத அளவுக்குத் தொகையை உயர்த்தட்டும்.

கேட்டால் மட்டும் போதுமா? கொடி கட்டிய கை எழுதவும் வேண்டும். நம் கிளைக்கு ஒரு படிப்பகம் உண்டு. படிப்பகத்துக்கு ஒரு மேசை உண்டு. கிழமைக்கு ஒரு மாலை அந்த மேசையை இதற்கு ஒதுக்குங்கள். தெருவில் அட்டை இல்லாதவர் யார் என்று எண்ணுங்கள். அவர்களை மருத்துவக் குழு முன் அழைத்துச் செல்லுங்கள். அட்டை இருந்தும் மனுப் போடாதவர்க்கு இ-சேவை மையத்தில் மனுப் போட்டுக் கொடுங்கள். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். 'தகுதியில்லை' என்றால் ஏன் என்று எழுத்தில் வாங்குங்கள். எந்தக் கட்சிக்காரர் என்று கேட்காதீர்கள்; எத்தனை விழுக்காடு என்று மட்டும் கேளுங்கள். பத்துப் பொதுக்கூட்டம் தேடித் தராத நம்பிக்கையை ஒரு மனு தேடித் தரும்.

நம் தோழரின் மனுவை அன்று மாலையே எழுதினோம். கையொப்பமிட்டு, கோலை ஊன்றி எழுந்து, வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"கணக்குப் புரிந்தது தம்பி. அந்த இருபத்தேழு கணக்கில் போயிற்று, சரி. ஆனால் என் காலும் போயிற்று, காதும் போயிற்று. அது எந்தக் கணக்கில்?"

நம்மிடம் விடையில்லை. விடை சொல்ல வேண்டியவர்கள் டில்லியிலும் இருக்கிறார்கள், கோட்டையிலும் இருக்கிறார்கள். அவர் கேட்ட கேள்வியை அவர்கள் செவியில் விழும்வரை கேட்டுக்கொண்டேயிருப்பது நம் வேலை. அவர்களுக்குச் செவி நன்றாகக் கேட்கும். அவர்கள் எவரும் தறியில் இருபது ஆண்டு உழைத்தவரல்லர்!